அலமாரிக்குள் பதினெட்டு வோல்ட்

முழங்காலை மோவாயோடு சேர்த்து அலமாரிக்குள் உட்கார்ந்து, டிக்கெட்டு என்று எல்லோரும் கூப்பிடுகிறவள் கையாலேயே ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தாள். வலது கை ஸ்க்ரூடிரைவரைத் திருகியது, இடது உள்ளங்கை அதன் தலையில் பாரம் கொடுத்தது. பலகைக்கு வெளியே அவளுடைய அண்ணன் மனைவி, இரண்டு கையாலும் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அதனால் அவர்களுக்குள் ஒரு தட்டு முறை இருந்தது. உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தால் அழுத்த வேண்டும். இரண்டு தட்டு வந்தால் விட்டுவிட வேண்டும். வாயால் சொன்னால் ஆகாதா என்று யாரும் கேட்கலாம். வாயைத் திறந்தால் இந்த இருவருக்கும் பேச்சு ஓடுமே தவிர வேலை ஓடாது.

"என்னடி, உள்ளேயே தூங்கிட்டியா?" என்றாள் அண்ணி.

"கையால முடுக்குறேன் அண்ணி. நான் என்ன மிஷினா?"

"மிஷினே நேத்து செத்துப்போச்சு. நீயாவது உசுரோட இரு."

வயர் வைத்த அவர்களுடைய பழைய டிரில் முந்தின நாள்தான் போய்ச் சேர்ந்திருந்தது. முதலில் ஒரு வாடை வந்தது. அப்புறம் புகை வந்தது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் அலமாரியும் கட்டிலும் மாட்டிக் கொடுப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு. டிரில் இல்லாமல் அந்தப் பிழைப்பு நொண்டியடிக்கும். அன்று மத்தியானம் கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு பேட்டரி டிரில் வாங்குவது என்று முடிவாகியிருந்தது. எந்த டிரில் என்பதுதான் முடிவாகவில்லை. டிக்கெட்டு மட்டும் மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டாள். பெரியதுதான்.

டிக்கெட்டு என்ற பெயரை வைத்தது ஒரு பஸ் கண்டக்டர். கல்யாணமான புதிதில் கணவரோடு பஸ்ஸில் போனபோது, அவர் இவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார். அதைக் கணவர் வீட்டில் வந்து சொல்லியிருக்கக் கூடாது. சொன்னார். "அரை" நாளடைவில் உதிர்ந்துபோனது, டிக்கெட்டு நிலைத்துவிட்டது. பெயர் பரப்பிய அந்த மனிதர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். வசவு வாங்குவதிலிருந்து அந்த அளவுக்குத் தப்பித்தார்.

சின்ன உருவம் என்பதால் அவளுக்கு எதிலும் சின்னதுதான் கிடைத்தது. போட்டோ எடுத்தால் முன்வரிசையில் தரையில் உட்கார வைப்பார்கள். காரில் போனால் நடு இருக்கை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியில் ஆயாவாகச் சேர்ந்தபோது, இருப்பதிலேயே சின்னச் சீருடையை எடுத்து, அதையும் வெட்டித் தைத்துக் கொடுத்தார்கள். ஆனால் அதே விடுதியில், தன்னைப்போல் இரண்டு மடங்கு எடையுள்ள ஆளைத் தனியாகப் புரட்டிப் படுக்கவைக்கப் பழகினாள். தூக்குவது கையின் வேலை அல்ல, தொடையின் வேலை. பாரத்தை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். முதுகை வளைக்கக் கூடாது. இந்த மூன்றும் தெரிந்தால் ஆள் எத்தனை சின்னவளானாலும் கவலையில்லை.

விடுதியை மூடிய பிறகுதான் இந்த வேலைக்கு வந்தாள். அதற்கும் காரணம் அண்ணன்தான். மகள் அறைக்கு ஒரு அலமாரி வாங்கினார். அது பலகை பலகையாகப் பெட்டியில் வந்தது. கூடவே ஒரு படத்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரையும் கிட்டே விடாமல் மாட்டினார். சாயங்காலம் பார்த்தால் கதவு உள்பக்கமாகத் திறந்தது. "புது மாடல்" என்றார். அவர் குளிக்கப் போன நேரத்தில் டிக்கெட்டும் அண்ணியும் சேர்ந்து எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினார்கள். பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள், எதிர்வீட்டில் கூப்பிட்டார்கள், கடைசியில் மரச்சாமான் கடையிலேயே கூப்பிட்டார்கள். அண்ணி ஆள் வாட்டசாட்டமானவள். அவள் வெளியே நின்று பலகையைத் தாங்குவாள். டிக்கெட்டு உள்ளே புகுந்து முடுக்குவாள். முதல் நாளிலிருந்து இதுதான் பங்கு, ஒருநாளும் மாறியதில்லை.

டிரில் கடைக்காரர் இருவரையும் பார்த்ததும் எழுந்தார். ஸ்க்ரூவும் டிரில் முனைகளும் எப்போதும் அங்கேதான் வாங்குவார்கள்.

"வாங்கம்மா, வாங்க. பழைய வண்டி போயிடுச்சாமே?"

"புகையோட போச்சு," என்றாள் அண்ணி.

அவர் இரண்டு டிரில்லை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று பன்னிரண்டு வோல்ட். குட்டையான மூக்கு, மெல்லிய பிடி, கைப்பைக்குள் அடங்கிவிடும். மற்றது பதினெட்டு வோல்ட். நீண்ட மூக்கு, அடியில் செங்கல் மாதிரி ஒரு பேட்டரி. சுவரில் ஓட்டை போட ஹாமர் வேலையும் செய்யும்.

"உங்களுக்கு இந்தச் சின்னது போதும்மா," என்று அவர் டிக்கெட்டைப் பார்த்துச் சொன்னார். "உங்க கைக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

அந்த ஒரு வார்த்தை போதும். அவர் பேசாமல் இருந்திருந்தால்கூட அவள் கொஞ்சம் யோசித்திருப்பாள்.

"பெரியதைக் கொடுங்க," என்றாள்.

"அது கனம்மா."

"நான் தூக்காத கனமா?"

ஒரு கையால் தூக்கி நீட்டிப் பிடித்தாள். மூக்கு ஒரு கணம் நேராக நின்றது, பிறகு மெள்ளத் தரையைப் பார்த்தது. டிக்கெட்டும் உடனே குனிந்து பேட்டரியில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கவனமாகப் படித்தாள், அதைப் படிக்கத்தான் இறக்கியதுபோல.

"அண்ணி, நீங்க சொல்லுங்க."

அண்ணி சின்னதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "எனக்கென்னடி, நீதானே முடுக்கப்போற. சின்னது பார்க்க லட்சணமாத்தான் இருக்கு."

"லட்சணம் பார்க்க இது மாப்பிள்ளையா? இன்னிக்குப் போற புது க்ளினிக்குல அலமாரியைச் சுவரோட மாட்டணும். சின்னது கான்கிரீட்டைத் துளைக்குமா? கேளுங்க அவரை."

"துளைக்காது," என்று கடைக்காரர் ஒத்துக்கொண்டார். "முக்கிட்டே இருக்கும்."

டிக்கெட்டு ஜெயித்துவிட்டதுபோலப் பார்த்தாள். கடைக்காரருக்கு வேறு ஆட்களும் காத்திருந்தார்கள். "ஒண்ணு செய்யுங்க," என்றார் அவர். "ரெண்டையும் கொண்டுபோங்க. இன்னிக்கு வேலை செஞ்சு பாருங்க. காலையில ஒண்ணைத் திருப்பிக் கொடுத்துடுங்க. பெரியதுல இந்த நம்பர் வளையத்தைக் குறைச்சு வெச்சு ஓட்டுங்கம்மா, இல்லேன்னா ஸ்க்ரூ நின்னாலும் மிஷின் நிக்காது, சரியா?"

"சரி சரி," என்றாள் டிக்கெட்டு. பெரிய பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள். உடம்போடு ஒட்டி வைத்துத்தான்.

அந்த க்ளினிக் இன்னும் திறக்கவில்லை. பெயின்ட் வாடை போகவில்லை. எல்லா அறைக்கும் அலமாரி வர வேண்டும். மருந்து அறையில் முதல் அலமாரியை மாட்டிக் காட்ட வேண்டும், அது திருப்தியாக இருந்தால் மற்ற அறைகளும் இவர்களுக்கே, இல்லையென்றால் மரச்சாமான் கடைக்காரர் வேறு ஆட்களை அனுப்புவார். அங்கே பொறுப்பில் இருந்த சிஸ்டர் இதை வாசலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். மாசக்கணக்கில் வரக்கூடிய வேலை. கையை விட்டுப் போனால் மறுபடி வீடு வீடாகக் கட்டில் மாட்ட வேண்டியதுதான்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்கிறேன்," என்றார் சிஸ்டர். "அலமாரி யார் மேலயும் சாயக் கூடாது. நான் பிடிச்சு இழுத்துப் பார்ப்பேன்."

அறைக்கு வெளியே நடையில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் டிக்கெட்டைப் பார்த்தான், அவள் கையிலிருந்த டிரில்லைப் பார்த்தான், மறுபடி டிக்கெட்டைப் பார்த்தான்.

"அக்கா, மிஷினை நீங்க கொண்டு போறீங்களா, மிஷின் உங்களைக் கொண்டு போகுதா?"

"உன் வேலையைப் பாரு தம்பி. நீ மாட்டின ஸ்விட்சு எல்லாம் கோணலா இருக்கு."

"கோணலா இருந்தாலும் லைட்டு எரியுதுல்ல?"

டிக்கெட்டு டிரில்லை உடம்போடு அணைத்துக்கொண்டாள். அறைக்குள் போய்விட்டாள்.

அடிப்பலகையின்மேல் பக்கப் பலகைகளையும் நடுத்தடுப்பையும் நிறுத்தி, மேல்தட்டை வைத்தார்கள். பக்கப் பலகைக்கும் தடுப்புக்கும் நடுவில் இருந்த ஒடுக்கமான இடத்தில் டிக்கெட்டு புகுந்துகொண்டாள். உள்மூலையில் வளைத்த இரும்புத் துண்டை வைத்து ஸ்க்ரூ முடுக்க வேண்டும். இதுவரை ஆயிரம் தடவை செய்த வேலை. ஆனால் அந்தப் பழைய டிரில் குட்டை. இதன் மூக்கை ஸ்க்ரூவில் வைத்தால் மிஷினின் முதுகு நடுத்தடுப்பில் இடித்தது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். சாய்த்துப் பிடித்தால் ஸ்க்ரூ சாய்ந்து இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் பிடித்தாள். வளையத்தில் எண்கள் இருந்தன. பெரிய மிஷினில் சின்ன எண் வைப்பதா? கடைசி எண்ணுக்குத் திருப்பினாள். ஒரு தட்டு தட்டினாள். வெளியே அண்ணி பலகையை அழுத்தினாள். டிக்கெட்டு விசையை இழுத்தாள்.

ஸ்க்ரூ விர்ரென்று இறங்கியது. அடியைத் தொட்டதும் நின்றது. மிஷின் நிற்கவில்லை. ஸ்க்ரூ சுற்றாத சுற்றை டிக்கெட்டு சுற்றினாள். மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது, வழவழப்பான அடிப்பலகையில் உட்கார்ந்த இடம் வழுக்கியது, மிஷினின் முதுகு தடுப்பில் போய் மோதியது.

டக். டக்.

வெளியே அண்ணிக்கு இரண்டு தட்டு கேட்டது. விட்டுவிட்டாள்.

"அண்ணி, விடாதீங்க!" என்று டிக்கெட்டு கத்தியபோது பக்கப் பலகை நிதானமாக வெளியே சாய்ந்துகொண்டிருந்தது. கோணலாக இறங்கியிருந்த ஸ்க்ரூ, பலகையின் உள்பக்கத்தில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தது. அண்ணி தோளைக் கொடுத்துப் பலகையைத் தாங்கினாள். மேல்தட்டு டிக்கெட்டின் தலையில் மெதுவாக உட்கார்ந்தது. அவள் உயரத்துக்கு அடி பலமில்லை. உயரம் குறைந்ததால் வாழ்க்கையில் கிடைத்த ஒரே லாபம்.

சத்தம் கேட்டு எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அண்ணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு போனான்.

சிஸ்டரும் வந்தார். பெயர்ந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "காலையில வேற பலகை வரும்னு கடையில சொல்றாங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இது நிக்கணும். இல்லைன்னா நான் அவங்களுக்குப் போன் பண்ணிடுவேன், மனசுல வெச்சுக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். டிக்கெட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி விட்டீங்க?"

"நீதானே ரெண்டு தட்டு தட்டினே."

"நான் தட்டல, மிஷின் தட்டுச்சு."

"மிஷின் தட்டுறதுக்கும் நீ தட்டுறதுக்கும் எனக்கு எப்படித் தெரியும்? உன் குரலா அது?" என்றாள் அண்ணி. பிறகு அந்தப் பெரிய டிரில்லை நகர்த்தி வைப்பதற்காக எடுத்தாள்.

எடுத்த விதத்தை டிக்கெட்டு பார்த்தாள். வலது கையால் பிடியைப் பற்றி, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, தோளை அசைக்காமல் உடம்பையே திருப்பி எடுத்தாள். விடுதியில் இப்படித் திரும்புகிற ஆட்களை டிக்கெட்டு நிறையப் பார்த்திருக்கிறாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"என்ன எத்தனை நாளா?"

"கையைத் தூக்குங்க. காதுக்கு மேல தூக்குங்க பார்க்கலாம்."

"இப்போ எதுக்கு? டான்ஸ் ஆடப்போறோமா?"

"தூக்குங்க அண்ணி."

கை தோள் உயரத்துக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அண்ணி முகத்தைச் சுளித்தாள்.

"கொஞ்ச நாளாத்தான். சடை பின்ன முடியல, அதான் கொண்டை போட்டுக்கிறேன். பின்னாடி ஹூக் மாட்ட முடியல. உங்க அண்ணனைக் கூப்பிட்டா, எந்த ஹூக்கை எதுல மாட்டணும்னு அவருக்கு இன்னும் பிடிபடல."

"கதவையே உள்பக்கமா மாட்டினவர். எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவே? உன்னால பலகையைத் தாங்க முடியுமா? நான்தானே பெரிய உருவம். சின்ன வயசுலேருந்தே பீரோவைத் தள்ளணும்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. சிலிண்டர் மாட்டணும்னா நான். யாராவது மயங்கி விழுந்தா தூக்குறதுக்கு நான். எனக்கு ஒண்ணும் வலிக்காதுன்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு." அண்ணி கையைத் தடவிக்கொண்டாள். "நிஜத்தைச் சொல்லட்டுமா? நீ ஒரு தட்டு தட்டினதுலேருந்து ரெண்டு தட்டு எப்போ வரும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். அந்தச் சத்தம் வந்ததும் எனக்கு ஸ்கூல் விட்ட மாதிரி இருந்துச்சு."

டிக்கெட்டுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் யார்மேல் என்று யோசித்தபோது சுற்றிச் சுற்றித் தன்மேலேயே வந்து நின்றது. தினமும் பக்கத்தில் நின்றவளின் தோளைப் பார்க்காமல், கடையில் தன் கையின் அளவைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறாள். அண்ணி அந்தச் சின்ன டிரில்லைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டதும் இப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் மனசு உடனே இறங்கி வரவில்லை. வளையத்தைக் குறைத்து வைத்து, பெயராத பக்கத்தில் பெரியதை இன்னொரு தடவை முயன்று பார்த்தாள். இப்போது மிஷின் உதறவில்லை, கிர்ர் என்று சத்தம் கொடுத்து அடங்கிவிட்டது. கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் முதுகு இன்னமும் தடுப்பில் இடித்தது, ஸ்க்ரூ இன்னமும் சாய்ந்துதான் இறங்கியது. சரி என்று சின்னதை எடுத்தாள். அது மூலைக்குள் நேராக நின்றது, பின்னால் ஒரு கை நுழைகிற இடம் மிச்சம் இருந்தது. ஸ்க்ரூ சத்தமில்லாமல் நேராக உட்கார்ந்தது. டிக்கெட்டு அதை முறைத்துப் பார்த்தாள். கெட்டிக்கார மருமகளைப் பார்க்கிற மாமியார் மாதிரி பார்த்தாள்.

வெளியே வந்து டிரில்லை அண்ணியிடம் நீட்டினாள். "பிடிங்க. மார்புக்கு நேரா. முழங்கையை உடம்போட ஒட்டி வைங்க, தூக்காதீங்க. வலிக்குதா?"

"இல்லையே," என்றாள் அண்ணி. அவள் பெரிய கையில் அது பொம்மை மாதிரி இருந்தது. அந்தப் பெயர்ந்த பலகையில் ஒரு ஸ்க்ரூ இறக்கினாள். இன்னொன்று இறக்கினாள். கேட்காமலேயே மூன்றாவதும் இறக்கினாள். "ஏய், இத்தனை நாளா இந்த ஜாலியை எல்லாம் நீ ஒருத்தியே அனுபவிச்சியாடி?"

"போதும், ஸ்க்ரூவை வீணாக்காதீங்க. வெளிப்பக்கம் மாட்டுறது எல்லாம் இனிமே நீங்க. தாங்குறது நான்."

"நீயா? பலகை உன்னை அமுக்கிடும்."

"கையால தாங்கினாத்தானே?" டிக்கெட்டு சுவரில் காலை உதைத்து, பலகைக்கு முதுகைக் கொடுத்து, தொடையால் தள்ளிக் காட்டினாள். பலகை அசையவில்லை. "வயசான ஒரு பயில்வானை இப்படித்தான் கட்டில்ல ஏத்துவேன். அவர் பலகை மாதிரி சும்மாவும் இருக்கமாட்டார், கெட்ட வார்த்தை பேசிக்கிட்டே இருப்பார். நாளைக்கு வேலை முடிஞ்சதும் டாக்டர்கிட்ட காட்டுறீங்க. இப்போ சுவர்ல விரலை வெச்சு நடந்து நடந்து மேல ஏறுங்க, வலிக்கிற இடத்துல நிறுத்துங்க."

அண்ணி சுவரில் விரலால் ஏறினாள். "பெயின்ட்டு ஒட்டுது."

"ஒட்டட்டும்."

"சரி, கான்கிரீட்டுக்கு என்ன பண்ணுவே? சின்னது முக்கிட்டே இருக்கும்னாரே?"

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. அந்த வழி நடையில் விசில் அடித்துக்கொண்டு துளை போட்டுக்கொண்டிருந்தது. டிக்கெட்டு அதைப் பற்றி அன்று பேசவில்லை.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே பெரிய பெட்டியோடு போய் நின்றாள். அண்ணியும் கூட வந்தாள். கடைக்காரர் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் நேத்தே சொன்னேனே, உங்க கைக்குச் சின்னதுதான்னு."

டிக்கெட்டுக்குக் காது வரை சூடேறியது. பதிலுக்கு நல்ல வார்த்தைகள் பல நாக்குநுனி வரை வந்தன. எல்லாவற்றையும் விழுங்கினாள். "என் கைக்கு இல்லைங்க. எங்க அண்ணி கைக்கு," என்றாள். கடைக்காரர் அண்ணியின் கையைப் பார்த்தார், டிரில்லைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் ரசீது எழுதினார்.

க்ளினிக்கில் புதுப் பலகை வந்திருந்தது. டிக்கெட்டு நேராக எலக்ட்ரீஷியனிடம் போனாள்.

"தம்பி, சுவர்ல நாலு ஓட்டை போட்டுத் தரணும்."

அவன் விசிலை நிறுத்தினான். "உங்ககிட்டதான் பெரிய மிஷின் இருக்கே அக்கா?"

"திருப்பிக் கொடுத்துட்டேன். எனக்கு ஒத்து வரல."

"இன்னொரு தடவை சொல்லுங்க, சத்தத்துல கேட்கல."

"எனக்கு ஒத்து வரலைன்னு சொன்னேன்!" அவள் கத்தியது நடை முழுக்கக் கேட்டது. "போடுறியா, மாட்டியா?"

"கோணலா போட்டா பரவாயில்லையா?"

"நேரா போடு. போட்டா உன் ஸ்விட்சு எல்லாம் நேரா இருக்குன்னு ஊர் பூரா சொல்றேன்."

அவன் வந்து, அவள் பென்சிலால் குறித்த இடங்களில் நாலு ஓட்டையும் போட்டான். நேராகவே இருந்தன. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

உள்மூலைகளை டிக்கெட்டு முடுக்கினாள். அதுவரை வெளியே அண்ணி, கையைத் தொங்கவிட்டு, முதுகால் பலகையைத் தாங்கினாள். பிறகு டிக்கெட்டு வெளியே வந்து முதுகைக் கொடுக்க, பின்பலகை முழுவதையும் அண்ணி முடுக்கினாள். நேரம் பிடித்தது. தடித்த ஸ்க்ரூக்களுக்குச் சின்ன டிரில் முனகியது, அண்ணி அதற்குத் தைரியம் சொல்லிக்கொண்டே முடுக்கினாள். அலமாரியை நிமிர்த்திச் சுவரோடு பிணைத்தார்கள். கதவு வெளிப்பக்கமாகத்தான் திறந்தது.

சிஸ்டர் வந்தார். சொன்னபடியே இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைப் பின்னால் வைத்து, முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தார். அலமாரி அசையவில்லை. கதவைத் திறந்து உள்மூலையில் விரலை ஓட்டினார். நேற்றுப் பெயர்ந்த இடத்தைத் தேடுகிறார் என்று டிக்கெட்டுக்குப் புரிந்தது.

"அடுத்த ரூமைத் திறந்து விடுறேன், வாங்க," என்றார் சிஸ்டர்.

அண்ணி சின்ன டிரில்லைக் கையில் பிடித்தபடி அவர் பின்னால் போனாள். டிக்கெட்டு, விடுதியில் நோயாளிகளை நகர்த்துவதுபோல, கொண்டுவந்திருந்த ஒரு பழைய படுக்கை விரிப்பைத் தரையில் விரித்தாள், அடுத்த அலமாரியின் பலகைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் சரித்துக் கிடத்தினாள், விரிப்பின் இரண்டு நுனியையும் இடுப்போடு சேர்த்துப் பிடித்து வழவழப்பான நடையில் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். எலக்ட்ரீஷியன் ஏணியை நகர்த்தி வழிவிட்டான்.